மனநோய்க்குத் தனி வாசல் வேண்டுமா?

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் மறைப்பு என்பது கிடைத்தற்கரிய பொருள். குறிகட்டுவான் துறையிற் படகுக்குக் காத்து நிற்போர் ஒருவரையொருவர் முகத்தால் மட்டுமன்றி, வீட்டாலும் உறவாலும் அறிந்தவர்கள். நெடுந்தீவுப் படகில் வந்திறங்குபவர் எந்த அலுவலாகப் பட்டினம் போகிறார், அவர் கையிலுள்ள பையில் இருப்பது காணி உறுதியா, கிளினிக் கொப்பியா என்பன போன்ற செய்திகள் படகு கரை சேருமுன்பே பேசி முடிந்துவிடும். இவ்வறிமுகம் தீவக வாழ்வின் பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. ஒரு வீட்டில் உலை ஏறாவிட்டால் அடுத்த வீடு அறியும்; ஒரு முதியவர் இரண்டு நாள் வெளியில் வராவிட்டால் ஊர் வந்து படலையைத் தட்டும். ஆனால் உள்ளம் நோயுற்ற ஒருவருக்கு மட்டும் இதே அறிமுகம் ஒரு மதிலாக எழுந்து நிற்கிறது. காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போகிறவரிடம் "எப்படிச் சுகம்?" என்று கேட்கும் ஊர், மனநோய்க்கு மருந்தெடுக்கப் போகிறவரிடம் ஒன்றும் கேளாமல் அவர் போன பின்பு பேசுகிறது.

இந்த நிலையை மாற்ற என்ன வழி என்று கேட்டால், பலரும் உடனே சொல்லும் விடை 'விழிப்புணர்வு' என்பதாகும். சுவரொட்டி, ஊர்வலம், ஆண்டுக்கொருமுறை அக்டோபர் 10ஆம் நாளில் உலக மனநல தினக் கூட்டம் ஆகியவற்றை நாம் பழிக்கவில்லை. ஆயினும் வசை என்பது வெறும் அறியாமையினால் மட்டும் பிறப்பதன்று. அது நிறுவனங்களின் அமைப்பினாலும் பிறக்கிறது. ஒரு நோய்க்கெனத் தனி வாசல், தனி நாள், தனி வாங்கு, தனி நிறத்தில் அட்டை என்று வகுத்து வைத்துவிட்டு, அந்த வாசலால் நுழைபவரை ஊர் உற்று நோக்கக்கூடாது என்று உபதேசிப்பதிற் பயன் யாது? மனநோய்க்கான முதற் சிகிச்சை ஊர் வைத்தியசாலையின் பொது வாசலால், பொது வரிசையில், ஏனைய நோய்களோடு ஒன்றாகக் கிடைத்தல் வேண்டும் என்பதே நமது கருத்து. தீவகத்துக்கு இது மற்றெவ்விடத்தையும் விட அவசியமானது.

இலங்கையின் சுகாதார வரலாற்றில் 1926ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத் தக்கது. அவ்வாண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குத் துணையாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாது என்ற சிறிய குழுவே அதன் முழு உருவம். அந்த விதை நாடெங்கும் பரவியது. பிரசவத்திற் பெண்கள் இறப்பதும் சிசுக்கள் இறப்பதும் செல்வம் மிக்க நாடுகளும் வியக்குமளவு குறைந்ததற்கு அம்மருத்துவமாதரின் நடையே பெருங்காரணம். அதே 1926இல் கொழும்புக்கு அருகே அங்கொடையில் மனநோயாளருக்கான பெரிய வைத்தியசாலை எழுந்தது. தாய்க்கும் சேய்க்கும் வைத்தியம் வீட்டைத் தேடி நடந்தது; மனநோயாளரோ வீட்டை விட்டு மதிலுக்குள் அனுப்பப்பட்டார். ஒரே ஆண்டில் ஒரே நாடு இரண்டு வழிகளை வகுத்தது. முதல் வழி வென்றது. இரண்டாவது வழி நிரம்பி வழிந்தது.

இது நமது கண்டுபிடிப்பன்று. அன்றைய அரசாங்கத்தின் அழைப்பில் வந்து பார்வையிட்ட எட்வர்ட் மப்போதர் என்னும் இலண்டன் மனநோய் வைத்தியர், 1938ஆம் ஆண்டின் தமது அறிக்கையில் அங்கொடையின் நெருக்கடியைக் கடுமையாக எடுத்துரைத்து, பொது வைத்தியசாலைகளில் மனநோய்ச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆனால் அப்பரிந்துரை தீவுகள் வரை வந்து சேரப் பல தலைமுறைகள் கழிந்தன. 1873ஆம் ஆண்டின் சித்தசுவாதீனம் இழந்தோர் பற்றிய கட்டளைச் சட்டமே நூறாண்டுக்கு மேல் இந்நாட்டின் மனநோய்ச் சட்டத்துக்கு அடிப்படையாக இருந்தது என்றால், மதிலின் வலிமை விளங்கும். 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கைதான் சிகிச்சையைச் சமூகத்தை நோக்கித் திருப்பவேண்டும் என்று தெளிவாக உரைத்தது.

இடைப்பட்ட காலத்தில் ஊர்களின் பெயர்களே வசைச் சொற்களாயின. கொழும்பில் 'அங்கொடை' என்றால் என்ன பொருளோ, யாழ்ப்பாணத்தில் 'மந்திகை' என்றால் அதே பொருள். மந்திகை வடமராட்சியின் அழகிய ஊர்களுள் ஒன்று; அங்குள்ள வைத்தியசாலை எத்தனையோ உயிர்களைக் காத்தது. எனினும் மனநோய்ப் பிரிவு அங்கே இருந்த ஒரே காரணத்தால், "உன்னை மந்திகைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்" என்பது சந்தையிலும் வகுப்பறையிலும் வேடிக்கையாயிற்று. வைத்தியத்தை ஓரிடத்திற் குவித்து வைத்தால் அவ்விடத்தின் பெயரே நோயின் பெயராகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பெயரை மாற்றினாலும் பயனில்லை; புதுப் பெயரும் சில ஆண்டுகளிற் பழைய வசையாகிவிடும். குவிந்திருப்பதைப் பரவச் செய்வதே மருந்து.

இனி, தீவகத்து மக்கள் எதைக் கூறி வைத்தியரிடம் வருகின்றனர் என்று நோக்குவோம். "எனக்கு மனச்சோர்வு" என்று கூறி வருபவர் அரியர். "தலையிடி", "நெஞ்சு பதைக்குது", "உடம்பெல்லாம் நோ", "நித்திரை இல்லை", "ஒரே யோசனை" என்றுதான் வருகின்றனர். 'யோசனை' என்னும் சொல் யாழ்ப்பாணத்தில் சிந்தனையைக் குறிப்பதைவிடத் தீராக் கவலையைக் குறிப்பதே அதிகம். பெருமூச்சும் அப்படியே. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதிய நூல்கள், உளத்துயர் உடல் நோவாக உருவெடுப்பதையும், அதனை நம்மவர் எவ்வகை மொழியில் வெளியிடுகின்றனர் என்பதையும் விரிவாக எடுத்துக் காட்டுகின்றன. இவ்வாறு வருபவருக்கு இரண்டு பனடோலும் ஒரு விற்றமினும் கொடுத்து அனுப்பினால், அவர் அடுத்த வாரமும் வருவார். அதற்கடுத்த வாரமும் வருவார். ஈற்றில் "வருத்தம் ஒன்றுமில்லை, சும்மா வருகிறார்" என்ற பெயரும் அவருக்குக் கிடைக்கும்.

ஆய்வுகள் இதனை உறுதி செய்கின்றன. 2009ஆம் ஆண்டு நடுப்பகுதியில், போர் முடிந்த சில மாதங்களுக்குள், யாழ் மாவட்டத்தில் 1,448 பேரிடம் நடத்தப்பெற்று, அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் 2011இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 33 பேரிடம் பதகளிப்பின் அறிகுறிகளையும் 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும் கண்டது. இடம்பெயர்ந்து வாழ்ந்தோரிடையே இவை முறையே 48க்கும் 41க்கும் மேற்பட்டன. பின்னர் வட மாகாணத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வருவோரிடையே நடத்தப்பெற்று 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், அவ்வாறு வந்தோருட் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோவொரு மனநோய் அறிகுறியைக் காட்டினர். வினாத்தாள் கொண்டு கண்ட அறிகுறி வேறு, வைத்தியர் உறுதி செய்த நோய் வேறு என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் ஓர் உண்மை வெளிப்படை. மனநோயாளர் ஏற்கெனவே ஊர் வைத்தியசாலையின் பொது வாசலால் வந்துகொண்டிருக்கின்றனர். நாம்தான் அவர்களைக் காணாதிருக்கிறோம்.

தீவகம் பட்ட துயரை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1985 மே 15ஆம் நாள் 'குமுதினி' படகில் முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் நெடுந்தீவார் அதே கடலைக் கடந்துதான் பட்டினம் வந்து போயினர். 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊர்கள் வெறுமையாயின. திரும்பி வந்தோர் ஒரு பகுதியினர். கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறியோர் மற்றொரு பகுதியினர். புங்குடுதீவின் பூட்டிய வீடுகளும், வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கும் முதியோரும் அதன் மிச்சங்கள். இத்தகைய நிலத்தில் வைத்தியம் உடலை மட்டும் நோக்குமாயின், அது நோயின் பாதியையே நோக்குகிறது என்றுதான் கூறவேண்டும்.

ஊரார் அனைவரும் கொடியவர், நகரத்து வைத்தியம் மட்டுமே விமோசனம் என்று கொள்வதும் பிழை. நான்சி வாக்ஸ்லர் என்னும் ஆய்வாளர் இலங்கையில் மனப்பிளவு நோயாளரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அவதானித்து, 1979இல் வெளியிட்ட முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. செல்வ நாடுகளின் நோயாளரைவிட இங்குள்ளோர் நன்றாகத் தேறினர் என்பதே அம்முடிவு. குடும்பம் கைவிடாமையும், நோய் ஒரு நாள் நீங்கும் என்ற நம்பிக்கையும், தேறியவருக்கு வயலிலோ வீட்டிலோ மீண்டும் ஒரு வேலை இருந்தமையும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. முடிவு இன்னும் வாதத்துக்குரியதே; ஆனால் நம் ஊர்களுக்குள் ஒரு மருந்து இருக்கிறது என்பதை அது உணர்த்துகிறது. கோயில் வீதியில் மனம் குழம்பிய ஒருவர் இருந்து உண்டு உறங்குவதை விரட்டாத பழக்கம் நம்மிடம் உண்டு. உன்மாதம், கிரிகை என்று வகுத்து மருந்துரைத்த சித்த மருத்துவ மரபும் உண்டு.

மறுபுறம், நம்பிக்கையை மட்டும் நம்பி வைத்தியத்தைக் கைவிட்டால் என்ன நிகழும் என்பதையும் நம் கடலின் எதிர்க்கரை காட்டியது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியாற் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயிற் கருகினர். அவர்களை அங்கே விட்டுச் சென்ற குடும்பத்தார் எல்லோரும் அன்பற்றவர்கள் அல்லர்; வேறு போக்கிடம் அறியாதவர்கள். அருகிலே ஒரு வைத்தியசாலை, அங்கே ஒரு வைத்தியர், அவரிடம் நாணமின்றிப் போகக்கூடிய ஒரு வாசல் இருந்திருந்தால், அச்சங்கிலிகளுட் பல பூட்டப்பட்டே இரா.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுத்தார். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து துணைசெய்வோர் என்னும் அந்நான்கையும் தீவகத்துக்குப் பொருத்தி நோக்கலாம்.

நோயாளிக்கு முதலில் வேண்டுவது மானம் காக்கும் ஏற்பாடு. ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலும், நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை ஆகிய பிரதேச வைத்தியசாலைகளிலும் மனநோய்க்கான கொப்பி நீரிழிவுக் கொப்பியினின்று தோற்றத்தில் வேறுபடாதிருத்தல் வேண்டும். பெயரை உரத்துக் கூப்பிடும்போது நோயின் பெயரையும் சேர்த்துக் கூப்பிடும் வழக்கம் எங்கேனும் இருப்பின் ஒழிதல் வேண்டும். கதவு சாத்திய ஓர் அறை இருத்தல் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு அற்பம். விளையும் நன்மை பெரிது.

வைத்தியருக்கு வேண்டுவன பயிற்சியும் மொழியும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் தொடங்கிய மனநலத் திட்டம், மனநோய் நிபுணரல்லாத சாதாரண வைத்தியர் மனச்சோர்வையும் வலிப்பையும் மனப்பிளவையும் எவ்வாறு இனங்காண்பது, எப்போது மேலிடத்துக்கு அனுப்புவது என்பதைப் படிப்படியாக வகுத்துள்ளது. இந்தியாவின் பெல்லாரி மாவட்டத்தில் 1985 முதல் இவ்வழி சோதிக்கப்பட்டது. மொழியைப் பற்றியோ, நமக்கு வெளியிற் போய்க் கற்கவேண்டியதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தம் மாணவர் பட்டினத்து உத்தியோகத்தை நாடாமல் ஊரிலேயே நிலைத்துத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவர் நோக்கம். உடல் நோயை மொழிபெயர்த்துக் கேட்கலாம். "ஒரே யோசனையாக் கிடக்கு ஐயா" என்ற சொல்லை மொழிபெயர்த்துக் கேட்க இயலாது. தீவுக்கு அனுப்பப்படும் வைத்தியர் எம்மொழியினராயினும், அருகே அந்த மொழியைப் பொருளறிந்து கேட்கும் ஒருவர் இருத்தல் இன்றியமையாதது.

மருந்தைப் பற்றி ஒன்றே சொல்லவேண்டும். அது தீவில் இருக்க வேண்டும். மனப்பிளவு நோயாளர் பலருக்கு மாதமொருமுறை போடும் ஊசியே வாழ்வைத் தாங்கும் தூண். சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் நாட்களிற் படகு ஓடாது; மார்கழி வாடையிலும் அதே கதை. ஊசி பட்டினத்தில் மட்டும் இருக்குமாயின், காற்றே அந்த நோயாளரின் விதியை எழுதுகிறது. நோய் மீளும், சண்டை வரும், "பாருங்கள், இது மாறாத வருத்தம்" என்று ஊர் முடிவு கட்டும். மருந்து வந்து சேராமையால் ஏற்பட்ட குறை நோயாளரின் குறையாகக் கணக்கு வைக்கப்படும். வசை எவ்வாறு வளர்கிறது என்பதற்கு இதுவே உதாரணம்.

நான்காவது உறுப்பாகிய துணையே எல்லாவற்றிலும் வலியது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குச் சில மாதப் பயிற்சியளித்து, மனச்சோர்வும் பதகளிப்பும் உடையோருக்கு ஆறுதலும் வழிகாட்டலும் வழங்கச் செய்தனர். 2010இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியான அதன் பெறுபேறு குறிப்பிடத்தக்கது. அரசாங்க நிலையங்களில் இவ்வுதவி பெற்றோருள் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 66 பேர் தேறினர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் 43 பேரே தேறினர். நம்மிடம் வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாது ஏற்கெனவே இருக்கிறார். பிள்ளை பெற்ற வீட்டில் தாயின் இரத்தத்தையும் நிறையையும் பார்க்கும் அவர், "நித்திரை வருகிறதா, அழுகை வருகிறதா, பிள்ளையைத் தூக்க மனம் வருகிறதா?" என்ற மூன்று கேள்விகளையும் கேட்பாராயின், எத்தனையோ இளந்தாய்மாரின் துயர் முளையிலேயே தெரியவரும். அவர் வீட்டுக்கு வருவதை எவரும் வசையாகக் கொள்வதில்லை. 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கிவரும் 'சாந்திகம்' போன்ற நிலையங்கள் உளவளத்துணையாளரைப் பயிற்றிய அனுபவமும் நம் கைவசம் உண்டு.

இதற்கு எதிர்வாதங்கள் உள. முதலாவது, ஊர் வைத்தியர் ஏற்கெனவே சுமை தாங்காமல் நிற்கிறார். இன்னும் ஒரு சுமையை ஏற்றலாமா என்பது. நியாயமான கேள்வியே. ஆனால் காரணம் காணாத தலையிடிக்கு ஆண்டுக்கு இருபது முறை வருபவரும் சுமைதானே? ஒருமுறை கால்மணி நேரம் செவிகொடுத்துக் கேட்டால், பத்தொன்பது வருகைகள் மிஞ்சக்கூடும். எனினும் ஆளணியைக் கூட்டாமல் கடமையை மட்டும் கூட்டினால், திட்டம் ஏட்டோடு நிற்கும் என்பதையும் அதிகாரிகள் உணரவேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் ஆழமானது. துயரம் எல்லாம் நோயா? காணாமற் போன மகனின் படத்தை வைத்துக்கொண்டு ஆண்டுகளாகக் காத்திருக்கும் தாய்க்குக் குளிகை கொடுத்து அனுப்புவதா? இல்லை என்பதே நம் விடை. அவளுடைய கேள்விக்குரிய மறுமொழி வைத்தியரிடம் இல்லை; அரசாங்கத்திடம் இருக்கிறது. நீதிக்குப் பதிலாக மாத்திரை வழங்கும் எந்தத் திட்டத்தையும் நாம் ஆதரியோம். ஆயினும் நீதி வரும் வரை அத்தாய் உறங்க வேண்டும், உண்ண வேண்டும், எஞ்சிய பிள்ளைகளை வளர்க்க வேண்டும். அவளது துயரை நோயென்று பெயரிடாமலே அவளுக்கு உதவத் தெரிந்த வைத்தியமே உயர்ந்த வைத்தியம்.

எளிய நிர்வாக நடவடிக்கை உயிர்களைக் காக்கும் என்பதற்கு நம் நாடே சாட்சி. 1995இல் இலங்கையில் நூறாயிரம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. கொடிய பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன; இருபது ஆண்டுகளில் அவ்வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. சிறையை அஞ்சியவர் வைத்தியரை நாட வழி பிறந்தது. மனித மனத்தை மாற்றும்வரை காத்திராமல் அமைப்பை மாற்றியதன் பலன் இது. இன்று மனம் தளர்ந்த எவரும் இரவு பகலென்று பாராமல் அழைக்கக்கூடிய தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கமும் 1926 என்பதே. ஒவ்வொரு பாடசாலைச் சுவரிலும் அவ்விலக்கம் எழுதப்படலாம்.

ஆசிரியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் இங்கு ஒரு கடமை உண்டு. 'விசர்' என்னும் சொல் நம் நாவில் மிக எளிதாகப் புரள்கிறது. செல்லமாகவும் சொல்கிறோம், சினந்தும் சொல்கிறோம். பேச்சு வழக்கைத் தடைசெய்ய எவராலும் இயலாது, தேவையுமில்லை. ஆனால் வகுப்பறையில், தந்தையோ தமையனோ மனநோயுற்றிருக்கும் ஒரு பிள்ளை பின்வாங்கில் இருக்கக்கூடும் என்ற நினைவு ஆசிரியருக்கு வேண்டும். நகைச்சுவைக்காக ஒரு பைத்தியக்காரனைக் கதைக்குள் இழுத்து வரும் பழக்கத்தை எழுத்தாளர் விடவேண்டும். குழந்தை ம. சண்முகலிங்கம் 'அன்னை இட்ட தீ' நாடகத்திற் போரின் உளவடுக்களைப் பொருளாகக் கொண்டபோது, பார்த்தவர் நகைக்கவில்லை. தம் வீட்டைத் தாமே கண்டனர். கலை செய்யக்கூடிய வைத்தியம் அதுவே.

புங்குடுதீவின் நன்னீர்க் கிணறு எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்று 1971இல் போராடிய மு. தளையசிங்கம், அடியும் சிறையும் பட்டார். ஒரே கிணற்றில் எல்லோரும் அள்ளினால் நீர் கெட்டுவிடும் என்று அஞ்சியோர் அன்று இருந்தனர். இன்று அவ்வச்சத்தைக் கேட்பவர் நாணுகின்றனர். வைத்தியசாலையின் வாசலும் ஒரு கிணறே. நீரிழிவுக்காரரும், காசநோய்க்காரரும், காய்ச்சற்காரரும் நுழையும் அதே வாசலால் மனநோயாளரும் தலைநிமிர்ந்து நுழையட்டும். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். இருக்கும் கட்டடத்தில் மருந்தும், பயின்ற ஒரு வைத்தியரும், செவிகொடுக்கும் ஒரு துணையும், சாத்தக்கூடிய ஒரு கதவும் போதும். மாகாண சுகாதாரத் திணைக்களம் நெடுந்தீவிலிருந்தே தொடங்கட்டும். கடலாற் பிரிந்த கடைசித் தீவில் இது கைகூடுமாயின், வேறெங்கும் கைகூடாது என்று சொல்ல எவருக்கும் வாய் எழாது.